மொட்டை மாடிக்கும் கூடத்துக்கும் நடுவே 11 மீட்டர்

புதுப் பெருங்களத்தூரில், ஜி.எஸ்.டி. சாலையிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு சந்தில் ஏ.சி. பழுதுபார்க்கும் கடை ஒன்று இருக்கிறது. மே மாதம் முழுக்க அதன் வாசலில் செத்துப்போன கம்ப்ரசர்கள் வரிசையாக நிற்கும்: கறுப்பு உருளை, பக்கத்தில் ஒட்டிய சின்னக் குப்பி, மேலே அறுபட்ட செப்புக் காம்புகள். போன கோடையில் எங்கள் வீட்டுக் கம்ப்ரசரும் அந்த வரிசையில் போய்ச் சேர்ந்தது. ஒன்றரை டன் இன்வெர்ட்டர் ஏ.சி.; அதற்கு அது மூன்றாவது கோடை. “வோல்டேஜ் சார்” என்றார் கடைக்காரர். எதிர் ஃபிளாட்டுக்காரருக்கும் அதே காரணம்தான் சொல்லப்பட்டிருந்தது. அவருடையது வேறு பிராண்டு, மாட்டியவர்களும் வேறு ஆட்கள்.

எனக்கு மனசு ஒப்பவில்லை. வெட்டிக் காட்டச் சொன்னேன். கிரைண்டரால் தலையை அறுத்துக் கவிழ்த்தபோது வழிந்த எண்ணெய் காபி டிகாக்‌ஷன் நிறத்தில் இருந்தது. மூக்கை அரிக்கும் புளித்த வாடை. சுழல்தண்டில், எஃகின் வெள்ளை தெரிய வேண்டிய இடத்தில், செம்பு பூசியதுபோல ஒரு மெருகு. குப்பிக்குள் இருந்த வடிகட்டி வலையில் கறுப்புப் பொருக்குகள்.

இந்த மூன்றையும் மின்னழுத்தத்தால் செய்ய முடியாது. தண்டில் படிந்த செம்பு, குழாயிலிருந்து வந்தது. அது கரைந்து, எண்ணெயோடு பயணப்பட்டு, சூடான எஃகின் மேல் படிந்திருக்கிறது. அப்படிக் கரைய அமிலம் வேண்டும், அமிலம் உண்டாக ஈரம் வேண்டும். ஈரம் எங்கிருந்து வந்தது என்று தேடிப் போனால் வழி கம்ப்ரசரைவிட்டு வெளியே வந்து, மொட்டை மாடியிலிருந்து முதல் மாடிக் கூடம்வரை இறங்கும் 11 மீட்டர் குழாயில் போய் முடிகிறது. கம்ப்ரசரின் ஆயுளை இந்தக் குழாய்தான் தீர்மானிக்கிறது என்று சொல்ல வந்திருக்கிறேன். ஆனால் “குழாய்” என்று மொத்தமாகப் பழி போடுவதும் “வோல்டேஜ்” என்று சொல்வதைப் போலவே சோம்பேறித்தனம். குழாயின் நீளமா, விட்டமா, வளைவா, சுத்தமா? ஒவ்வொன்றையும் தனித்தனியே நிறுத்துப் பார்க்க வேண்டும்.

அதற்கு முன், வழக்கமாகக் குற்றம் சாட்டப்படுபவர்களுக்கு நியாயம் செய்துவிடலாம். மின்னழுத்தக் குற்றச்சாட்டு ஒரு காலத்தில் உண்மையாக இருந்தது. ஒரே வேகத்தில் ஓடும் பழைய கம்ப்ரசர் கிளம்பும் கணத்தில் ஓடும்போது இழுப்பதைப்போல ஐந்தாறு மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும். மாலை 7 மணிக்குத் தெருவே விளக்குப் போடும் நேரத்தில் அழுத்தம் சரிந்தால் மோட்டார் கிளம்ப முடியாமல் முக்கிச் சூடேறிக் கருகும். ஸ்டெபிலைசர் ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் ஏறியது அதனால்தான். இன்வெர்ட்டர் ஏ.சி.யில் கதை வேறு. உள்ளே வரும் மின்சாரம் முதலில் நேர்மின்னோட்டமாக மாற்றப்பட்டு, பிறகுதான் மோட்டாருக்குப் போகிறது. மோட்டாரும் மெல்லக் கிளம்பி வேகமெடுக்கிறது. மின்னழுத்தம் தாறுமாறானால் முதலில் அடிபடுவது சர்க்யூட் போர்டு. எங்கள் வீட்டில் போர்டு நன்றாக இருந்தது. அதையேதான் புதுக் கம்ப்ரசருக்கும் பயன்படுத்துகிறோம்.

வெயில்? சென்னை 2003 மே 31 அன்று 45 டிகிரியைப் பார்த்த ஊர். ஏ.சி.யின் திறனோ வெளியே 35 டிகிரி என்று வைத்துத்தான் அளக்கப்படுகிறது. மொட்டை மாடித் தளத்தின் வெக்கையில், ஏ.சி.க்குள் சுற்றும் ஆர்-32 வாயு 55 டிகிரியில் குளிர்ந்து திரவமாக வேண்டி வந்தால் உள்ளே அழுத்தம் 35 பாரைத் தொடும். இது தேய்மானத்தைக் கூட்டும், மறுக்கவில்லை. ஆனால் எண்ணெயைப் புளிக்க வைக்காது. உப்புக் காற்று? பெருங்களத்தூரிலிருந்து கடல் 15 கிலோமீட்டருக்கு மேல். ஈஞ்சம்பாக்கத்திலும் நீலாங்கரையிலும் உப்பு முதலில் தின்பது கண்டென்சரின் அலுமினியத் தகடுகளை. எங்கள் தகடுகள் விரலால் தொட்டால் உதிராமல் முழுசாக இருந்தன. பிராண்டு? பல பிராண்டுகள் ஒருசில ஆலைகளின் கம்ப்ரசரைத்தான் வாங்கிப் பொருத்துகின்றன. விளம்பரத்தில் தெரியும் வேறுபாடு உருளைக்குள் அவ்வளவு இல்லை.

இதைவிட வலுவான சாட்சி ஒன்று நம் வீட்டுச் சமையலறையிலேயே நிற்கிறது. அதே மின்சாரம், அதே கோடை, அதே ஊர். ஃபிரிட்ஜ் இரவு பகலாக ஓடுகிறது, பதினைந்து வருஷம் சாதாரணமாகத் தாண்டுகிறது. ஃபிரிட்ஜின் சுமை சின்னது, வெயிலும் படாது, ஒப்பீடு சரியில்லை என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்கிறேன். அப்படியானால் ஜன்னல் ஏ.சி.யைப் பாருங்கள். அதன் முதுகு முழுக்க வெயிலில்தான். பழைய பெருங்களத்தூரில் என் நண்பர் வீட்டு ஜன்னல் ஏ.சி. தகரம் துருப்பிடித்துச் சத்தம் போட்டாலும் கம்ப்ரசர் மாற்றப்படாமலே ஓடிக்கொண்டிருக்கிறது. இன்னும் கடினமான சோதனை வேண்டுமென்றால், 2025 ஏப்ரல் 19 முதல் கடற்கரைக்கும் செங்கல்பட்டுக்கும் இடையே நம் ஊர் ரயில் நிலையம் வழியாக ஓடும் குளிர்சாதன மின்சார ரயில் இருக்கிறது. பெரம்பூர் ஐ.சி.எஃப். கட்டிய அந்த ரயிலில் குளிரூட்டும் இயந்திரம் பெட்டியின் கூரைமேல் ஒரே கூடாக உட்கார்ந்திருக்கிறது. தடக் தடக்கென்று அதிர்ந்துகொண்டே போக வேண்டிய இயந்திரம். ஆனாலும் அதை வடிவமைத்தவர்கள் கம்ப்ரசரை ஓரிடத்திலும் குளிர்ச்சுருளை வேறிடத்திலும் வைத்து நடுவே நீளக் குழாய் ஓட விடவில்லை.

ஃபிரிட்ஜ், ஜன்னல் ஏ.சி., ரயில் மூன்றுக்கும் பொதுவானது ஒன்றுதான்: வாயு ஓடும் குழாய் முழுவதும் ஆலையிலேயே இணைக்கப்பட்டு, உலர்த்தப்பட்டு, மூடப்பட்டு வருகிறது. ஸ்பிளிட் ஏ.சி. மட்டும் பாதி இயந்திரமாக வீட்டுக்கு வருகிறது. மீதிப் பாதியை நம் வீட்டில், நம் வெயிலில், அரை மணி அவகாசத்தில் ஒருவர் செய்து முடிக்கிறார். அந்த மீதிப் பாதிதான் குழாய்.

குழாய்க்குள் வாயு மட்டும் போவதாகப் பலரும் நினைக்கிறார்கள். கம்ப்ரசரின் உள்ளே உராய்வைத் தணிக்கும் எண்ணெயில் ஒரு சிறு பங்கு ஒவ்வொரு சுற்றிலும் வாயுவோடு வெளியேறிக்கொண்டே இருக்கும். அது கண்டென்சர், மெல்லிய குழாய், அறையின் குளிர்ச்சுருள், தடித்த குழாய் என்று ஊரைச் சுற்றிவிட்டுத் திரும்பி வர வேண்டும். வெளியே போனதும் திரும்பி வருவதும் சமமாக இருக்கும்வரை கம்ப்ரசர் பிழைக்கும். திரும்பி வரும் வழியில் எண்ணெயைத் தூக்கி வரத் தனியாகப் பம்ப் எதுவும் கிடையாது. தடித்த குழாயில் வாயு ஓடும் வேகந்தான் அதைச் சுவரோடு சுவராகத் தள்ளிக்கொண்டு வர வேண்டும். வாயு கீழிருந்து மேலே ஏறும் இடத்தில், அதாவது அவுட்டோர் மாடியிலும் இண்டோர் கீழேயும் இருக்கும் எங்கள் வீட்டைப் போன்ற இடத்தில், எண்ணெய் தன் எடையால் கீழே இறங்கப் பார்க்கும், வாயு மேலே இழுக்கும். யார் ஜெயிப்பது என்பது வேகத்தைப் பொறுத்தது. 1976-இல் அமெரிக்காவில் ஜேக்கப்ஸும் உடன் ஆய்வாளர்களும் இந்தப் போட்டியை அளந்து, எண்ணெய் ஏறுவதற்கு வேண்டிய குறைந்தபட்ச வேகத்துக்கு ஒரு சூத்திரம் தந்தார்கள். இன்றைக்கும் வடிவமைப்பாளர்கள் கையில் எடுப்பது அதைத்தான்.

அந்தச் சூத்திரத்தில் எங்கள் ஏ.சி.யைப் போட்டுப் பார்த்தேன். ஒன்றரை டன், ஆர்-32, குளிர்ச்சுருள் 10 டிகிரியில் கொதிக்கிறது என்று கொள்வோம். தடித்த குழாய் அரை அங்குலமாக இருந்தால், முழு வேகத்தில் ஓடும்போது வாயு வினாடிக்கு ஏறத்தாழ 7.8 மீட்டர் வேகத்தில் போகும். எண்ணெய் ஏற வேண்டியது 1.3 மீட்டர் வேகந்தான். கவலையே இல்லை. இன்வெர்ட்டரோ பின்னிரவில் அறை குளிர்ந்ததும் கால் பங்குக்கு இறங்கிவிடும். அப்போது வேகம் ஏறத்தாழ 2 மீட்டர். இன்னும் மிச்சம் இருக்கிறது. இப்போது குழாயை ஒரு படி பெரிதாக்கி ஐந்து நூல், அதாவது அங்குலத்தில் எட்டில் ஐந்து பங்கு, போடுவோம். முழு ஓட்டத்தில் 5 மீட்டர். கால் பங்கில் 1.25. அந்த விட்டத்துக்கு வேண்டிய குறைந்தபட்சமோ 1.5. தோற்றாகிவிட்டது. இரவு முழுக்க மெல்ல ஓடும் ஏ.சி.யில் எண்ணெய் குழாயின் சுவரிலேயே தங்கிக்கொண்டு, கம்ப்ரசர் வறண்டு ஓடும்.

“பெரிய பைப் போட்டா கூலிங் நல்லா வரும் சார்” என்ற பேச்சைக் கேட்காதவர்கள் குறைவு. அதில் பாதி உண்மை இருக்கிறது, அந்தப் பாதியைக் கணக்கில் எடுக்காமல் தள்ளுவது முறையல்ல. குழாய் குறுகினால் அழுத்தம் விழும், விழுந்த அழுத்தத்தைக் கம்ப்ரசர் மின்சாரம் செலவழித்து ஈடுகட்ட வேண்டும். மூன்று நூல் குழாயில் 10 மீட்டர் ஓட்டினால் ஏறத்தாழ 2 டிகிரிக்குச் சமமான அழுத்தம் வீணாகும். அது தவறு என்று யாரும் சொல்லலாம். அரை அங்குலத்தில் அதே 10 மீட்டருக்கு இழப்பு 0.4 டிகிரி அளவில்தான். ஐந்து நூலில் 0.1. ஆக, அரை அங்குலத்திலிருந்து ஐந்து நூலுக்கு மாறிக் கிடைக்கும் லாபம் ஒரு டிகிரியில் மூன்றில் ஒரு பங்குகூட முழுசாக இல்லை. அந்தக் காசளவு லாபத்துக்காக இரவெல்லாம் எண்ணெய்ப் பட்டினி. வடிவமைப்பில் இரண்டு விருப்பங்கள் எதிரெதிரே இழுக்கும்போது நடுவில் நிற்பது எப்போதும் சரியென்று நான் நினைப்பதில்லை. இங்கே கணக்கு ஒரு பக்கம் தெளிவாகச் சாய்கிறது: கையேட்டில் என்ன விட்டம் போட்டிருக்கிறதோ அதைவிட ஒரு நூல்கூடப் பெரிதாக வேண்டாம். சில மாடல்களுக்குக் கையேடே ஐந்து நூல் கேட்கும்; அது அந்த இயந்திரத்தின் குறைந்தபட்ச ஓட்டத்தைத் தெரிந்தவர்கள் சொன்னது. ஆபத்து, பழைய ஆர்-22 ஏ.சி.க்கு என்று சுவருக்குள் புதைத்த குழாயைப் “பைப் இருக்கே” என்று புது இயந்திரத்தோடு இணைக்கும்போது வருகிறது. விட்டமும் பொருந்தாது, உள்ளே ஒட்டியிருக்கும் பழைய கனிம எண்ணெயும் புது எண்ணெயோடு சேராது.

அடுத்து, இந்தத் தொழிலில் அதிகம் சண்டை நடக்கும் விஷயம்: யூ வளைவு, கடைக்காரர்கள் பேச்சில் “ஆயில் டிராப்”. ஏறும் குழாயின் அடியில் ஒரு வளைவு, பிறகு மேலே போகப் போக மூன்று மீட்டருக்கு ஒன்று, ஐந்து மீட்டருக்கு ஒன்று, பத்து மீட்டருக்கு ஒன்று என்று ஆளுக்கொரு கணக்கு. சில உற்பத்தியாளர்கள் வேண்டும் என்கிறார்கள். வேறு சிலர், முக்கியமாகப் பெரிய இன்வெர்ட்டர் அமைப்புகளைச் செய்பவர்கள், வேண்டவே வேண்டாம், எண்ணெயை வரவழைக்க எங்கள் கம்ப்ரசர் அவ்வப்போது தானே வேகமெடுக்கும் என்கிறார்கள். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை.

வளைவு எப்போது உயிர் காக்கும் என்பதைப் பார்க்க வீட்டை விட்டுவிட்டு, கீழே கடை, மேலே கம்ப்ரசர் என்று அமைந்த இறைச்சிக் கடைக்கோ ஐஸ்கிரீம் கிடங்குக்கோ போக வேண்டும். அங்கே ஆர்-404ஏ வாயு மைனஸ் 25 டிகிரியில் கொதிக்கிறது. அந்தக் குளிரில் வாயுவின் அடர்த்தி, நம் ஏ.சி.யில் ஓடும் வாயுவில் பாதிகூட இல்லை. எண்ணெயோ குளிரில் தேன்போலக் கெட்டிப்பட்டிருக்கும். ஓர் அங்குலம் தாண்டிய குழாயில் எண்ணெய் ஏறக் குறைந்தது 3 மீட்டர் வேகம் வேண்டும். அனுபவஸ்தர்கள் 5 வைத்துக்கொள்வார்கள். கம்ப்ரசர் பாதிச் சுமையில் ஓடும்போது அந்த வேகம் கிடைக்காது. இதற்குத்தான் இரட்டை ஏற்றக்குழாய் என்ற ஏற்பாடு. சின்னக் குழாய் ஒன்று, பெரிய குழாய் ஒன்று, இரண்டின் அடியையும் இணைக்கும் யூ வளைவு. சுமை குறைந்து வேகம் விழுந்ததும் ஏற முடியாத எண்ணெய் அந்த வளைவில் தேங்கிப் பெரிய குழாயின் வாயை அடைத்துவிடும். வாயு முழுக்கச் சின்னக் குழாய்க்குள் திரும்பும். இடம் சுருங்கியதால் வேகம் கூடி, எண்ணெயைத் தூக்கிக்கொண்டு போகும். சுமை மறுபடி ஏறியதும் அழுத்தம் அந்த எண்ணெய் அடைப்பை உடைத்துப் பெரிய குழாயைத் திறந்துவிடும். வால்வு இல்லை, மின்சாரம் இல்லை, ஒரு வளைவும் கொஞ்சம் எண்ணெயும் சேர்ந்து வாயிற்காவல் செய்கின்றன. நான் அறிந்த குழாய் வேலைகளில் இதைவிட அழகானது இல்லை. கிடைமட்டக் குழாயைக் கம்ப்ரசரை நோக்கி மீட்டருக்கு 4 மில்லிமீட்டர் சரிவாகப் போடுவதும் அங்கே தவிர்க்கவே கூடாத விதி.

அந்த அழகை ஒன்றரை டன் வீட்டு ஏ.சி.யில் நகலெடுப்பதால் என்ன கிடைக்கிறது? சரியான விட்டத்தில், கால் பங்கு ஓட்டத்திலும் வேகம் போதுமானதாக இருக்கிறது என்று மேலே கணக்குப் பார்த்துவிட்டோம். அடியில் ஒரு வளைவு இருந்தால் கெடுதல் இல்லை. கையேடு கேட்டால் போட்டுத்தான் ஆக வேண்டும். ஆனால் வளைக்கும் கருவி இல்லாமல் முழங்காலில் வைத்து வளைத்த வளைவு நசுங்கி, குழாயின் பாதி வாயை மூடிவிடுகிறது. அது வளைவே இல்லாததைவிட மோசம். அவுட்டோர் கீழேயும் இண்டோர் மேலேயும் இருக்கும் வீட்டில் வாயு இறங்கித்தான் வருகிறது. அங்கும் பழக்கதோஷத்தில் வளைவு போடுகிறார்கள். ஆக வீட்டு ஏ.சி.யைப் பொறுத்தவரை வளைவு கொன்றதுமில்லை, காப்பாற்றியதுமில்லை. இவ்வளவு சண்டைக்கு அது தகுதியில்லாத விஷயம்.

சண்டைக்குத் தகுதியான வளைவு வேறொன்று இருக்கிறது, அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. பெட்டியோடு வரும் குழாய் பெரும்பாலும் 3 மீட்டர். அவுட்டோர் சுவருக்கு அந்தப் பக்கமே இருந்துவிட்டால் மிச்சக் குழாயைச் சுருட்டி அவுட்டோரின் பின்னால் கட்டிவிடுவார்கள். அந்தச் சுருளை சைக்கிள் டயர்போல நிற்க வைத்துக் கட்டினால் ஒவ்வொரு சுற்றின் அடியும் எண்ணெய் தேங்கும் பள்ளம். முறுக்குபோலப் படுக்க வைத்தால் பள்ளம் இல்லை. இரண்டுக்கும் செலவு ஒன்றுதான். எங்கள் தெருவில் ஒரு மாலை நடையில் மேலே பார்த்துக்கொண்டே போனேன். நிற்கும் சுருள்கள்தான் கண்ணில் நிறையப் பட்டன.

நீளம். இதைத்தான் முதல் குற்றவாளியாக நினைத்து நான் கணக்கில் இறங்கினேன். எங்கள் ஊரில் அவுட்டோர்கள் மொட்டை மாடிக்கு ஏறியதற்குக் காரணம் உண்டு. 2015 டிசம்பர் வெள்ளத்தில் அடையாறு முடிச்சூருக்குள்ளும் பெருங்களத்தூர்ப் பக்கமும் புகுந்ததைப் பார்த்தவர்களுக்குத் தரையோடு எதையும் வைக்க மனம் வராது. சன்ஷேடில் வைத்தாலோ பழுதுபார்க்க வருபவர் இடுப்பில் கயிறு இல்லாமல் தொங்க வேண்டும். மாடியில் காற்றோட்டமும் நன்றாக இருக்கும். இவ்வளவு நல்ல காரணங்களுக்கு எதிரே 11 மீட்டர் குழாயின் தண்டனை என்ன? 0.4 டிகிரிக்குச் சற்று மேலான அழுத்த இழப்பு. கையேடுகள் இந்த அளவு ஏ.சி.க்கு 15 மீட்டர், சில மாடல்களுக்கு அதற்கு மேலும் அனுமதிக்கின்றன. குறிப்பிட்ட நீளத்தைத் தாண்டிய ஒவ்வொரு மீட்டருக்கும் 15, 20 கிராம் வாயு கூடுதலாகச் சேர்க்கச் சொல்கின்றன. அதை எடை போட்டுச் சேர்த்தால் போதும். நீளம் என்ற குற்றச்சாட்டு என் கணக்கிலேயே தள்ளுபடியாகிவிட்டது.

ஆனால் நீளம் தன்னோடு சிலவற்றைக் கூட்டி வருகிறது. முதலாவது வெயில். ஸ்பிளிட் ஏ.சி.யில் வாயுவின் அழுத்தத்தைக் குறைக்கும் பகுதி பொதுவாக அவுட்டோருக்குள்ளேயே இருப்பதால் மெல்லிய குழாய், தடித்த குழாய் இரண்டுமே குளிர்ந்த குழாய்கள். இரண்டுக்கும் தனித்தனியாக ரப்பர் உறை வேண்டும். மொட்டை மாடி வெயிலில் அந்த உறை இரண்டு மூன்று வருஷத்தில் கறுத்து வெடித்துப் பொடியாகிறது. அம்மணமான குழாய் தளத்தின் வெக்கையைக் குடித்து, சூடான வாயுவைக் கம்ப்ரசருக்குக் கொடுக்கிறது. ஆர்-32 ஏற்கெனவே ஆர்-410ஏ-யைவிடச் சூடாக வெளியேறும் வாயு. எண்ணெயின் பொறுமையை அது இன்னும் சோதிக்கும்.

இரண்டாவது, இணைப்பு. செப்புக் குழாய் 15 மீட்டர் ரோலாகக் கடையில் கிடைக்கிறது. 11 மீட்டருக்கு நடுவில் இணைப்பே தேவையில்லை. ஆனால் போன வீட்டில் மிஞ்சிய 5 மீட்டரையும் இந்த வீட்டுப் பெட்டியில் வந்த 3 மீட்டரையும் இன்னொரு துண்டையும் பற்றவைத்து நீளம் சேர்த்தால் பணம் மிச்சம். பற்றவைக்கும்போது குழாய்க்குள் நைட்ரஜன் மெல்ல ஓடிக்கொண்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் காற்றின் ஆக்சிஜன் சூடான செம்போடு சேர்ந்து கறுப்புப் பொருக்காகச் சுவரில் படியும். ஏ.சி. ஓடத் தொடங்கியதும் அந்தப் பொருக்கு உதிர்ந்து எண்ணெயோடு பயணப்படும். எங்கள் கம்ப்ரசரின் வலையில் கிடந்தது அதுதான். மாடிக் குழாயின் உறையைக் கிழித்துப் பார்த்தபோது இரண்டு பற்றவைப்புகள் இருந்தன.

பொருக்கு கிடைத்துவிட்டது. அமிலம் பாக்கி.

ஆர்-32 இயந்திரங்களில் ஊற்றும் செயற்கை எண்ணெய்கள், பழைய கனிம எண்ணெயைப்போல் இல்லாமல், காற்றிலிருக்கும் ஈரத்தைக் குடிக்கும் குணமுள்ளவை. அவற்றில் பரவலாகப் பயன்படும் எஸ்டர் எண்ணெய் தண்ணீரோடு சூட்டில் வினைபுரிந்து அமிலமாகும். எண்ணெய் குடித்த தண்ணீரைப் பிறகு எந்தப் பம்பாலும் முழுதாக வெளியே எடுக்க முடியாது. அதனால் வாயுவைத் திறந்துவிடும் முன்பே குழாயை வெற்றிடமாக்கி உலர்த்தச் சொல்கிறது எல்லாக் கையேடும். வெற்றிடத்தின் அழுத்தத்தை அளக்கும் மைக்ரான் கணக்கில் 500 என்பது வழக்கமான இலக்கு. நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம் 760,000 மைக்ரான் என்பதோடு ஒப்பிட்டால் அது எவ்வளவு ஆழம் என்று புரியும். 30 டிகிரி வெக்கையில் 32,000 மைக்ரானுக்குக் கீழே போனாலே தண்ணீர் கொதித்து ஆவியாகத் தொடங்கும். அந்த ஆவியையும் இழுத்து வெளியேற்றத்தான் மேற்கொண்டு ஆழமும் நேரமும்.

நடைமுறையில் நடப்பது என்ன? ஒரு பக்கத்து நட்டைத் தளர்த்தி, வாயுவைச் சில வினாடி திறந்துவிட்டு, அது காற்றைத் தள்ளிக்கொண்டு “புஸ்” என்று வெளியேறியதும் நட்டை முறுக்கிவிடுவது. இந்தப் பழக்கத்தின் பக்கமும் ஒரு வாதம் இருக்கிறது. எங்கள் 11 மீட்டர் அரை அங்குலக் குழாயின் கொள்ளளவு ஒரு லிட்டருக்குக் கொஞ்சம் மேல். 30 டிகிரி, 80 சதவீத ஈரப்பதமுள்ள சென்னைக் காற்றில் லிட்டருக்கு 24 மில்லிகிராம் நீராவிதான் இருக்கும். ஒரு துளித் தண்ணீரில் பாதி. வாயு அதிலும் பெரும்பகுதியைத் தள்ளிவிடும். மூடிய புதுக் குழாய், வெயில் நாள், கவனமான கை என்றால் அந்த ஏ.சி. பல வருஷம் ஓடவும் செய்யும். அதனால்தான் இந்தப் பழக்கம் சாகவில்லை.

ஆனால் அந்த வாதம் நிற்பது குழாய் மூடியிருந்தது என்ற ஒரே காலில். 2021-இல் தாம்பரம் மாநகராட்சியில் சேரும்வரை பேரூராட்சியாக இருந்த பெருங்களத்தூரில் அடுக்கு மாடிகள் எழுந்த விதத்தைப் பாருங்கள். பூச்சு வேலைக்கு முன்பே செப்புக் குழாயைச் சுவருக்குள் புதைத்துவிடுகிறார்கள். குழாயின் வாயில் ஒரு டேப். வீடு கைமாறி, குடிவந்து, ஏ.சி. வாங்குவதற்குள் ஒரு வடகிழக்குப் பருவமழை, சில சமயம் இரண்டு. டேப் எப்போதோ விழுந்திருக்கும். எங்கள் வீட்டிலும் மாடி முனை திறந்துதான் கிடந்தது என்பதை ஏ.சி. மாட்டிய நாளில் எடுத்த ஒரு புகைப்படத்தில், மூன்று வருஷம் கழித்து, பார்த்துத் தெரிந்துகொண்டேன். அந்தக் குழாயின் தாழ்ந்த இடத்தில் ஒரு ஸ்பூன் மழைநீர் தேங்கியிருந்தால் அது 5,000 மில்லிகிராம். “புஸ்” என்ற ஒரு மூச்சு அதை என்ன செய்துவிடும்?

பம்ப் வைத்து இழுக்கிறவர்களிலும் பலர் மேனிஃபோல்டு கேஜின் ஊசி மைனஸ் 30-ஐத் தொட்டதும் போதும் என்று நிறுத்திவிடுகிறார்கள். அந்த ஊசிக்கு 5,000 மைக்ரானுக்கும் 500-க்கும் வித்தியாசம் தெரியாது. மைக்ரான் காட்டும் டிஜிட்டல் கருவி மட்டுமே சாட்சி. பம்பை நிறுத்திய பின் அளவு கணிசமாக ஏறி ஓரிடத்தில் நின்றால் உள்ளே ஈரம் மிச்சம், நிற்காமல் ஏறிக்கொண்டே போனால் எங்கோ ஒழுகல். காற்று உள்ளே மாட்டிக்கொண்டால் வேறொரு அபாயமும் உண்டு. ஆர்-32 லேசாக எரியக்கூடிய வாயு. பழுது பார்க்கும்போது எண்ணெயும் காற்றும் சேர்ந்து கம்ப்ரசருக்குள் அழுத்தப்பட்டால் அது வெடிக்கலாம், எதிரே நிற்பவர் அந்தத் தொழிலாளிதான்.

தொழிலாளியைக் குற்றம் சொல்லிவிட்டுப் போவது எளிது. மே மாதத்தில் ஒரு நாளைக்கு நான்கைந்து வீடு, வீட்டுக்கு இவ்வளவு என்று கூலி. முறையாக உலர்த்தி, அரை மணி நிறுத்திப் பார்ப்பதற்கு யாரும் தனியாகப் பணம் தருவதில்லை. தவறு செய்தால் பலன் மூன்று கோடை கழித்து, வேறொருவர் கடை வாசலில் தெரிகிறது. அதற்குள் யார் மாட்டியது என்பதே மறந்துவிடும். 2019-இல் வெளியான இந்தியக் குளிர்விப்புச் செயல்திட்டம் 2022-23-க்குள் ஒரு லட்சம் தொழில்நுட்பர்களுக்குப் பயிற்சியும் சான்றிதழும் என்று இலக்கு வைத்தது. நல்ல இலக்கு. ஆனால் வெற்றிடமாக்கக் கற்றவருக்கு அதைச் செய்ய நேரம் கிடைக்காவிட்டால் கற்றது எதற்கு? வாடிக்கையாளனாக என் பங்கும் இதில் இருக்கிறது. மாட்ட வந்த அன்று “சீக்கிரம் முடியுமா?” என்று கேட்டது நான்தான்.

என் தீர்ப்பு இது. எங்கள் கம்ப்ரசரைக் கொன்றது ஈரம். உடந்தை, நைட்ரஜன் இல்லாமல் பற்றவைத்த இரண்டு இணைப்புகள். தவறான விட்டம் எங்கள் வீட்டில் இல்லை. இருந்த வீடுகளில் அது முதல் குற்றவாளியாகவே இருந்திருக்கும், ஏனென்றால் ஈரத்தை உலர்த்தலாம், விட்டத்தைச் சுவரை உடைக்காமல் மாற்ற முடியாது. நீளத்துக்கும் யூ வளைவுக்கும் மின்னழுத்தத்துக்கும் இந்தச் சாவில் பங்கில்லை. சுவருக்குள் திறந்த வாயோடு புதைந்து கிடக்கும் குழாயை எந்த விலைக்கும் ஏற்கக் கூடாது. கட்டடத்தின் வரைபடத்தில் சம்பும் செப்டிக் டேங்கும் இருப்பதுபோல அவுட்டோரின் இடமும் குழாயின் வழியும் இருக்க வேண்டும், குழாய்க்கென்று ஒரு திறந்த தடம் விட வேண்டும்; செம்பு, ஏ.சி. வரும் நாளில் வரட்டும்.

புதுக் கம்ப்ரசரோடு குழாயையும் மாற்றினோம். ஒரே ரோல். ராத்திரி முழுக்க நைட்ரஜன் அழுத்தத்தில் விட்டு, காலையில் முள் நகரவில்லை என்று பார்த்த பிறகுதான் பம்ப். நட்டுகளை டார்க் ரெஞ்சால் முறுக்கினார்கள், அரை அங்குல நட்டுக்கு 55 நியூட்டன் மீட்டர். உறைக்கு மேல் வெயில் தாங்கும் டேப். கூலி வழக்கத்தைப்போல இரு மடங்குக்குச் சற்று மேல் ஆனது. அவுட்டோரின் மூடிக்கு உட்புறம் ஒரு சீட்டை ஒட்டச் சொன்னேன். கடைக்கார அண்ணன் தன் கையாலேயே எழுதினார்: நீளம் 11 மீட்டர், அரை அங்குலம், நடுவில் ஜாயிண்ட் இல்லை, 480 மைக்ரான், அரை மணி கழித்து 560.